நாடி சொன்ன பதில்

"உன்னை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று கல்லூரி கேன்டீனில் அவன் ஒருவழியாகச் சொல்லி முடித்தான்.

அவனோடு நான்காம் ஆண்டு மருத்துவம் படிப்பவள் அவள். வெட்கப்படுவதற்குப் பதில், அவன் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள்.

"அறுபதுகூட இல்லை. காதலைச் சொல்றவனுக்கு இதயம் இப்படியா தூங்கும்? பசங்ககிட்ட பந்தயம் கட்டிட்டு வந்தியா?"

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்ததும் அவனும் பதறி எழுந்தான்.

"ஐயோ, இல்லை. பயத்துல பேச்சே வராதுன்னு, படபடப்பை அடக்குற மாத்திரை ஒண்ணு போட்டுட்டேன். வைவா பரீட்சைக்கு முன்னாடி ஹாஸ்டல்ல எல்லாரும் மிட்டாய் மாதிரி முழுங்குவாங்களே, அதான்."

"டாக்டரைக் கேக்காம மாத்திரை போடுறவனெல்லாம் நாளைக்கு டாக்டரா? வெளங்கிடும்."

அவன் தலைகுனிந்தான். திட்டி முடித்தவள், தன் மணிக்கட்டையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"என் நாடியும் காலையிலிருந்து நிதானமாத்தான் இருக்கு. அதை வச்சுத்தான், உன்மேல எனக்கு ஒண்ணும் இல்லைன்னு முடிவு பண்ணிட்டு வந்தேன்."

அவன் முகம் தொங்கிப்போயிற்று. அவளோ பையைக் கீழே வைத்துவிட்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"ஆனா, காலையில நீ ஏதோ பேசணும்னு சொன்னதும் நானும் அதே மாத்திரையைத்தான் போட்டேன். ரெண்டு பேருக்கும் மாத்திரையோட வீரியம் குறையட்டும். சாயங்காலம் வந்து மறுபடியும் சொல்லு."