பாதிப் பதில்கள்

மெழுகின் சூட்டை முதலில் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தாள். பிறகுதான் பார்லர் கட்டிலில் படுத்திருந்த பெண்ணின் தொடையிடுக்கில் தடவினாள்.

காலையிலிருந்து இது ஆறாவது ஆள். நின்று நின்று அவள் இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது.

மணப்பெண் பேக்கேஜ். மெழுகால் முடி நீக்கும் பிகினி வாக்ஸ், அதன்மேல் நிறம் கூட்டப் பூசும் பேக். படிவத்தில் வயது இருபத்தாறு. கையெழுத்து மட்டும் அம்மாவுடையது.

வலி தெரியாமல் இழுக்க அவளுக்கு ஒரு வழி இருந்தது. ஏதாவது கேட்பாள். பதில் சொல்ல வாயெடுக்கும் நொடியில் மெழுகில் ஒட்டிய துணிப் பட்டையை வெடுக்கென்று உரித்துவிடுவாள்.

பதினோரு வருடமாக அவள் காதில் விழுந்ததெல்லாம் பாதிப் பதில்கள். ஒருத்தியின் கணவர் துபாயில். ஒருத்திக்கு மாமியார் நல்லவர்தான், ஆனால்.

மீதியை யாரும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. அடுத்த ஆள் காத்திருப்பாள்.

"மாப்ள என்ன பண்றாருங்க?"

"எனக்கு இந்தக் கல்யாணமே..."

உரித்துவிட்டாள். கைப்பழக்கம்.

அந்தப் பெண் கத்தவில்லை. விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தாள். கண்ணோரத்து நீர் காதுக்குள் இறங்கியது.

வலிக்கு வரும் கண்ணீர் அரை நிமிடத்தில் நின்றுவிடும்.

இது நிற்கவில்லை.

கற்றாழை ஜெல் தடவினாள். பேக் டப்பாவை எடுத்தாள். தோல் இவ்வளவு சிவந்திருக்கும்போது பூசினால் எரியும். திறக்காமலே தட்டில் வைத்தாள். துண்டை எடுத்து இடுப்புவரை போர்த்திவிட்டாள்.

கையில் இப்போது பட்டை இல்லை.

"என்னமோ சொல்ல வந்தீங்களே கண்ணு."

அந்தப் பெண் புறங்கையால் காதோரத்தைத் துடைத்தாள்.

"என்ற போனை அம்மா புடுங்கி வச்சுட்டாங்கக்கா. ஒரே ஒருத்தர்கிட்டப் பேசணும். இன்னைக்கு விட்டா முடியாது."

கதவு தட்டப்பட்டது.

"ஏனம்மணி, ஆச்சா? சம்பந்தி ஊட்டுக்காரங்க வந்துருவாங்க." அம்மாவின் குரல்.

அந்தப் பெண் துண்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்டூலைக் காலால் இழுத்துக் கதவோரம் போட்டுவிட்டு, அவள் அம்மாவுக்குக் குரல் கொடுத்தாள்.

"இப்பத்தானுங்க பேக் போட்டிருக்கு. காய அரை மணி நேரம் ஆகும்."

"அத்தனை நேரமா?"

"நல்லா நிறம் புடிக்கோணுமில்லீங்க."

வெளியே அம்மாவின் செருப்புச் சத்தம் நாற்காலிப் பக்கம் போனது.

தன் போனின் பூட்டைத் திறந்து நீட்டினாள். அந்தப் பெண் எண்ணை யோசிக்காமல் அழுத்தினாள்.

போனைக் கொடுத்தவள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.