கேமராவுக்கு நேரே

“இன்னும் கொஞ்சம் வலது பக்கம் திரும்புங்கண்ணே. தாடைய லேசாத் தூக்குங்க. ஆங், அப்படியே இருங்க. இப்ப சிரிங்க.”

அங்கமுத்து சிரித்தார். மடிப்புக் கலையாத சட்டையும் படிய வாரிய தலையும் நெற்றியில் திருநீறுமாக, கல்யாண ஃபோட்டோவுக்கு உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக இருந்தார்.

“நேரா பாக்குறேனா மேடம்?”

“நேராத்தான் பாக்குறீங்க” என்றாள் ஹஸீனா. “உங்களுக்குக் கண்ணு தெரியாதுன்னு யாருமே சொல்ல முடியாது லா.”

ஹஸீனா செங்காங்கிலிருந்து ஞாயிறுதோறும் சிங்கப்பூரின் தமிழர் கடைவீதியான தேக்காவுக்கு வருவாள். அலுவலகங்கள் கழித்துவிட்ட மடிக்கணினிகளைச் சரிசெய்து, திரையில் இருப்பதைத் தமிழில் வாசித்துச் சொல்லும் மென்பொருளைப் போட்டு, பார்வை இழந்தவர்களுக்குக் கொடுக்கும் சின்னக் குழு ஒன்று அங்கே இருந்தது. ஒரு கடைவீட்டின் மாடியில் ஒரே ஓர் அறை.

அங்கமுத்து நான்கு மாதத்துக்கு முன்பு கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவர். பின்மண்டையில் அடி. கண்கள் பார்ப்பதற்குப் பழையபடி பளிச்சென்றுதான் இருந்தன; பார்வை மட்டும் போய்விட்டது.

மற்றவர்களெல்லாம் செய்தி கேட்க வேண்டும், பாட்டுக் கேட்க வேண்டும் என்று வருவார்கள். இவர் வந்த அன்றே சொல்லிவிட்டார். “வீடியோ கால்ல எம் சம்சாரத்த நேருக்கு நேரா பாக்குற மாதிரி இருக்கணும். அது மட்டும் போதும் மேடம். போன்னா கையில ஆடிக்கிட்டே இருக்கும். இது மேசையில அசையாம கெடக்கும்ல.”

கேமராவுக்குப் பக்கத்தில் ஹஸீனா ஒரு பிளாஸ்டிக் பொட்டை ஒட்டிவிட்டாள். அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு முகத்தை நிமிர்த்துவார். மூன்று ஞாயிறாக இதே பயிற்சி.

“வீட்டுல சொல்லிடலாமேண்ணே. எத்தன நாளைக்கு மறைப்பீங்க?”

“அடுத்த மாசம் ஊருக்குத்தான போறேன். அவ கையப் புடிச்சுக்கிட்டு நானே சொல்லிக்குவேன். போன்ல கேட்டா தாங்க மாட்டா.”

குரலைத் தாழ்த்தினார். “இத்தன நாளும் கேமரா ஒடஞ்சுபோச்சுன்னு சமாளிச்சேன். இப்ப ஒரே அடம். முகத்தப் பாத்துத்தான் பேசணுங்கிறா. பக்கத்துல யாராச்சும் இருக்கட்டுங்கிறா. எவனோ போட்டுக் குடுத்துட்டான் போல. அந்தக் கோவத்துல பாப்பாகிட்ட போனக்கூடக் குடுக்க மாட்டேங்கிறா.”

சொன்ன நேரத்துக்கு மணி ஒலித்தது. ‘மோகனப்பிரியா அழைக்கிறார்’ என்றது கணினி. அங்கமுத்து தடவிப் பார்த்து, தானே விசையை அழுத்திவிட்டு நிமிர்ந்தார்.

திரையில் அவர் மனைவியின் முகம் வந்தது. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கமுத்துவின் கண்கள் இம்மியும் விலகவில்லை.

“என்ன புள்ள, அப்புடிப் பாக்குற?” என்றார் அவர். “இப்புடி எளச்சுப் போயிட்டியே!”

குத்துமதிப்பாகச் சொன்னதுதான். ஆனால் அந்தப் பெண்ணின் கன்னம் உண்மையாகவே ஒட்டிப்போயிருந்தது. அவள் கண் நிறைந்துவிட்டது. “ஆமாங்க” என்றாள். “பக்கத்துல யாருங்க?”

“ஹஸீனா மேடம். நமக்குத் தங்கச்சி மாதிரி.”

ஹஸீனா குனிந்து திரையைப் பார்த்துத் தலையசைத்தாள். அப்பாடா, நம்பிவிட்டாள் என்று இருந்தது. மூன்று வாரப் பாடு வீண்போகவில்லை.

மோகனப்பிரியா இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினாள். பிறகு “இருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, போனைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

திரையில் வாசற்படி தெரிந்தது, ஒரு கொடியில் காயும் துணி தெரிந்தது, பிறகு ஒரு சுவர். படம் ஆடி ஆடி ஓரிடத்தில் நின்றது.

ரெட்டைச் சடையும் பள்ளிக்கூடச் சீருடையுமாக ஒரு பெண் குழந்தை. எட்டு வயது இருக்கும். கண்ணாடிச் சட்டத்தின்மேல் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போட்டிருந்தார்கள். கீழே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“பாப்பாங்க...” என்ற குரல் மட்டும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

கணினியை மூடிவிடலாமா என்று ஹஸீனாவின் கை நீண்டது; பாதியில் நின்றுவிட்டது.

அங்கமுத்துவின் முகம் மலர்ந்தது. கேமராவிலிருந்து பார்வையை நூலளவும் நகர்த்தாமல், இன்னும் கொஞ்சம் முன்னால் குனிந்தார்.

“அட... எம் மக எப்புடி வளந்துட்டா!”