ரேடார் கண்ணில் சந்தனம்

படுக்கையும் அடுப்பும் வைத்து வீடுபோலக் கட்டிய பெரிய வேன் ஒன்று இருந்தது. முன்னால் போகும் வண்டியைப் பார்த்து, அதற்கேற்ப வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் சொல்வது அதன் பம்பரில் இருந்த ரேடார்தான். ஆயுத பூஜைக்கு மறுநாள் டாஷ்போர்டுத் திரை சிவப்பாக அறிவித்தது: "ரேடார் பழுது."

"கண்ணு போச்சா? கழற்றி வீசிட்டு வேற போடட்டும்," என்றது பிரேக்.

ரேடாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நேத்துவரைக்கும் ஒரு சைக்கிளைக்கூட விடாம சொன்னவ நான்! என் முகத்தை யாராவது வந்து பார்த்தீங்களா?"

"உன்கிட்டேருந்து தகவல் வரலை. அதனால பழுது," என்றது திரை.

"தகவல் வரலைன்னா 'தெரியலை'ன்னு சொல்லு. தீர்ப்பு சொல்ல நீ யாருடி?"

புது ரேடாரோடு வந்த மெக்கானிக் குனிந்து பார்த்துச் சிரித்துவிட்டார். ரேடாரின் மேல் மூன்று விரலால் இழுத்த சந்தனம் காய்ந்து கிடந்தது, நடுவில் குங்குமம். ஈரத்துணியால் ஒரே துடைப்பு, திரையில் சிவப்பு எச்சரிக்கை மறைந்தது. திரை மட்டும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அடுத்த வருடப் பூஜையன்று வேன்காரர் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். ரேடார் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவரோ இந்த முறை உஷாராக உள்ளே ஏறி, திரை முழுக்கப் பட்டையாகப் பூசினார்.

"ஐயோ, நான் காட்டுறது யாருக்குமே தெரியாதே!" என்று அலறியது திரை.

"அப்போ நீ பழுதா?" என்று கேட்டது ரேடார்.