ஒன்றுமில்லை என்ற கணக்கு

பிற பறவைகளுக்குக் கூடு பின்னி விற்று வாழ்ந்த தூக்கணாங்குருவி ஒன்று, மாதந்தோறும் வனத்துக்கு வரிக்கணக்கை ஒழுங்காகக் கொடுத்துவந்தது. வறட்சியில் ஒரு கூடும் விலைபோகவில்லை. ஆகவே கணக்கும் கொடுக்கவில்லை. கோடையின் முடிவில் வரி அதிகாரியான அண்டங்காக்கை வந்து நின்றது.

"விற்பனையே இல்லையே ஐயா, எதை எழுதுவேன்?" என்றது குருவி.

"இல்லை என்பதை எழுதியிருக்க வேண்டும் அம்மா. எழுதாத மாதங்களுக்கு அபராதம் ஏறிவிட்டது. நீங்கள் குடியிருக்கும் கூடு ஜப்தி."

"உள்ளே முட்டைகள் இருக்கின்றனவே!"

"திருடித் தின்ன நான் என்ன ஊர்க்காக்கையா? கூடு மட்டுமே அரசுக்கு."

சொன்னபடியே காக்கை முட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, சரிந்த பனையோலையின் மேல் வைத்து, "எண்ணிப் பெற்றுக்கொள்ளுங்கள்" என்றது.

குருவி எண்ணத் தொடங்குமுன் காற்று வீசியது.