மிதந்த சம்பந்தி

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மாரியம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன். மாதா கோயிலில் பைபிளைத் தொட்டுச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன். இரண்டு இடத்திலும் என்னைத் தெரியும். எழுபத்தெட்டாம் வருஷம், மலேசியாவில் குருணுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் நடந்தது.

“பொண்ணு லட்சணம்தான். ஆனா கொஞ்சம் பூசுனாப்புல இருக்கா. தைக்குள்ள வத்தணும்” என்றாள் காளியம்மா. மகன் அய்யாவுக்குப் பெண் பார்க்கப் புக்கிட் செலம்பாவிலிருந்து வந்தவள், தன்னுடைய கல்யாண ரவிக்கையையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். “இதுக்குள்ள அடங்குனா தாலி. இல்லாட்டி வேற எடம் பாத்துக்குவோம்.”

பெண் ரமணிக்கு மாப்பிள்ளை அய்யாவை ரொம்பப் பிடித்திருந்தது. சோற்றை விட்டாள். காலையில் பாலில்லாத கோப்பி ஓ, மதியம் வெள்ளரிக்காய், ராத்திரிக்குப் பச்சைத் தண்ணீர். ஐப்பசிக்குள் அந்த ரவிக்கையில் இன்னொரு ரமணிக்கும் இடம் இருந்தது. ரப்பர்ப் பால் எடுக்க மரம் சீவப் போனவள் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு நாள் மரம் கைக்கு எட்டவில்லை. பால் வாளியோடு விழுந்தாள்.

அவள் தாய் அழகம்மா, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் லியோனார்டிடம் ஓடினாள்.

“மூணு மாசமா வீட்டுக்குத் தூரமே ஆகல, தம்பி. சாப்புடுடின்னா, ‘அத்தை சொல்லட்டும், சாப்புடுறேன்’ங்கிறா. செத்துருவா போலருக்கு.”

“அப்ப அத்தையே சொல்லட்டும்லா” என்றார் லியோனார்ட். “ஞாயித்துக்கிழமை சம்பந்தியை வரச் சொல்லுங்கக்கா.”

ஞாயிற்றுக்கிழமை தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் இருந்த குளத்தங்கரையில் தோட்டமே கூடி நின்றது. தண்ணீர் கலங்கி, தே தாரிக் தேநீர் நிறம். துணி துவைக்கும் பலகைமேல் ரமணி கைலியோடு உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் கயிறு. காளியம்மாவைக் கரையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

“என்னாப்பா இது, கூத்தா?”

“கூத்து இல்லக்கா, டெஸ்ட். நீங்களும் மரம் சீவுனவங்கதானே? பால் ஸ்டோர்ல கணக்கெழுதுற கிராணி கண்ணாடி மிதவையப் போட்டு என்னா பாப்பாரு?”

“பால்ல ரப்பர் எவ்வளவு, தண்ணி எவ்வளவுன்னு பாப்பாரு.” காளியம்மாவின் குரல் சற்று இறங்கியது. “ஒரு தடவை நானே மாட்டியிருக்கேன். மிதவை பொய் சொல்லாது.”

“ஒடம்புக்கும் அதே கணக்குதான். ரப்பர் மாதிரி கொழுப்பும் தண்ணிய விட லேசு. ஆம்பளைக்கு நூத்துல பதினஞ்சு பங்கு கொழுப்பு இருந்தா போதும். பொம்பளைக்கு இருபத்தஞ்சு வேணும். கொஞ்சம் கூடக்கொறைய இருக்கலாம், தப்பில்ல. ரொம்ப வத்திப்போனா மாசாமாசம் வர்றது நின்னுடும், புள்ளையும் தங்காது.”

“கொழுப்பெடுத்தவன்னு திட்டுவோம். கொழுப்பு வேணும்ங்கிறியே!”

“வெச்சவன் ஆண்டவன். அவர்கிட்டப் போய்க் கேளுங்க. ரமணி, சாயும்மா.”

ரமணி மூச்சை விட்டாள். பின்னால் சாய்ந்தாள். அம்மிக்கல்லைப் போட்டது போலப் போனாள். சத்தமே இல்லை. மூன்று குமிழி வந்தது. நான்காவது வரவில்லை. லயத்துப் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். ராக்காயி மயங்கி விழுந்தாள். விழும் முன் நல்ல இடமாகப் பார்த்துக்கொண்டாள். எட்டுப் பேர் கயிற்றைப் பிடித்துக் கிணற்றிலிருந்து இழுப்பது போல இழுத்து அவளைக் கரை சேர்த்தார்கள்.

காளியம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

“இப்ப அவங்க அம்மாவைப் பாருங்க” என்றார் லியோனார்ட்.

அழகம்மா பலகையிலிருந்து சரிந்தாள். தண்ணீர் அவளை வாங்கிக்கொண்டது. வயிறு ஒரு தீவு போல மேலே நின்றது. இரண்டு கையையும் அதன்மேல் கோத்துக்கொண்டு கண்ணை மூடினாள். ஒரு தவளை ஏறி உட்கார்ந்து ஊரைப் பார்த்தது. ஒரு மீன்கொத்தி வந்தது. தவளை நகர்ந்து இடம் கொடுத்தது. பிறகு குறட்டைச் சத்தம் கேட்டது. காற்று வீசியது; அழகம்மா குறட்டையோடு, பறவையோடு, மெல்ல மெல்ல அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஐந்து பிள்ளை பெற்ற உடம்பு அது, அத்தனை பேருக்கும் பால் கொடுத்த உடம்பு. குழந்தைகள்கூட வாயைப் பிளந்து நின்றன.

காளியம்மா செருப்பைக் கழற்றினாள். கோயிலில் நிற்பது போல இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

“ஆத்தாடி… இது தெரியாம புள்ளையக் கொல்லப் பாத்தேனே.”

“நீங்களும் எறங்கிப் பாக்குறீங்களாக்கா?”

“ஐயய்யோ, எனக்கு நீச்சல் தெரியாது தம்பி!” என்றவள் திரும்பி, “யாரு வீட்டுல சோறு இருக்கு? கொண்டாங்கடி!” என்று கத்தினாள்.

கருவாட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்து, ஈரத்தோடு உட்கார்ந்திருந்த ரமணிக்குத் தன் கையாலேயே ஊட்டினாள். “தை வேணாம். வைகாசில வெச்சுக்குவோம். அதுக்குள்ள நீ உங்கம்மா மாதிரி மெதக்கணும், சொல்லிட்டேன்!”

வைகாசியில் கல்யாணம் நடந்தது. அடுத்த வருஷம் பேத்தி பிறந்தாள்.

அந்தக் குளத்தில் எந்த மழைக்கும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறியதில்லை. காளியம்மாவைத் தவிர, அன்றைக்குக் கரையில் நின்ற அத்தனை பேருக்கும் அது தெரியும்.