நாலாம் அலசல்

அடைப்பைத் திருகினாள். கேரவனின் அடியிலிருந்து தண்ணீர் சரளைக்கல்லில் கொட்டியது.

மூன்று அலசல் ஆயிற்று.

நேற்று மதியம் வாளியில் ப்ளீச்சிங் பவுடர் கரைத்து வண்டியின் தண்ணீர் டேங்கில் ஊற்றினாள். சமையல் மேடைக் குழாய், வாஷ்பேசின், ஷவர் என்று ஒவ்வொன்றாகத் திறந்து, அந்தத் தண்ணீர் எட்டும்வரை ஓடவிட்டு மூடினாள். ஊறட்டும் என்று விட்டாள். இன்று காலையிலிருந்து அலசுகிறாள். வாடை போகும்வரை அலச வேண்டும்.

போயிற்றா என்று அவளால்தான் சொல்ல முடியாது.

போன ஆடியில் வந்த காய்ச்சல் நாலே நாளில் போய்விட்டது. போகிறபோது அவளுடைய வாசனையையும் ருசியையும் வாரிக்கொண்டு போனது. பத்து மாதம். மிளகு ரசமும் வெந்நீரும் அவளுக்கு ஒன்றுதான்.

பாழாய்ப்போன காய்ச்சல்.

அதற்கு முன்பு, இந்தக் கேரவனை வாடகைக்கு எடுத்து ஏலகிரியில் தங்கியவர்கள் ஏரியைப் பற்றிப் பேசியதைவிட அவள் குழம்பைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். ஜீப்பில் மாட்டி இழுத்து வருவது புருஷன் வேலை. உள்ளே ரெண்டே அடுப்பில் சமைப்பது அவள் வேலை.

மாசியில் ஒரு நாள் காஸ் திருகு சரியாக மூடவில்லை.

பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தங்க வந்தவர்களுடைய கைக்குழந்தை கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. வெளியே நின்றிருந்த அவன்தான் வாடை பிடித்து ஓடி வந்தான்.

அன்றைக்கே சொன்னாள், இதை வித்துடலாம் என்று.

அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது.

இன்று நாலு மணிக்கு ஓசூரிலிருந்து எத்திராஜ் என்பவர் வருகிறார், வண்டியை எடுத்துக்கொண்டு போக.

விற்கப்போகிற வண்டிக்கு எதற்கு இவ்வளவு பாடு என்று காலையில் அவன் கேட்டான். அவள் முறைத்தாள். யார் வீட்டுப் பிள்ளையோ குடிக்கப்போகிற தண்ணீர்.

நாலாம் அலசல். ஹோஸைச் சொருகினாள். வாடை எடுக்கக் கொஞ்சம் சமையல் சோடா. டேங்க் நிறைந்தது. உள்ளே போய்க் குழாயைத் திறந்தாள். மோட்டார் உறுமியது. ஒரு டம்ளர் பிடித்துக்கொண்டு வந்து அவனிடம் நீட்டினாள்.

பால், மீன், முட்டை, தாளிப்பு. பத்து மாதமாக எல்லாவற்றையும் இப்படித்தான் நீட்டுகிறாள். அவன் சரி என்றால் சரி.

முகர்ந்தான். ஒரு வாய் குடித்தும் பார்த்தான்.

"சுத்தமாப் போயிடுச்சு. போதும், வா."

டம்ளரை வாங்கினாள். வைகாசி வெயில். தொண்டை வறண்டிருந்தது. மிச்சத்தைக் குடிக்க வாயருகே கொண்டுபோனாள்.

முகம் சுளித்தாள்.

"எங்கங்க போச்சு? இன்னும் லேசா ப்ளீச்சிங் அடிக்குது."

"இல்லியே, நான் இப்பத்தானே..."

சட்டென்று அவள் பக்கம் திரும்பினான்.

அவள் டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி முகர்ந்தாள். இன்னொரு தரம். தண்ணீர் புடவையில் சிந்தியது. டம்ளரை அப்படியே கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

டப்பாக்கள் உருளும் சத்தம்.

காபித்தூள். "ம்ஹூம்."

மிளகு. அதுவும் இல்லை.

பிறகு சத்தமே இல்லை. அவன் படியில் கால் வைத்து எட்டிப் பார்த்தான்.

தரையில் உட்கார்ந்திருந்தாள். பெருங்காய டப்பா மூக்கோடு ஒட்டியிருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவனைப் பார்த்து, கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்த்துக் காட்டினாள். துளியூண்டு.

போன் அடித்தது.

அவன் படியிலிருந்து இறங்கி எடுத்தான்.

"எத்திராஜ் சார், கிளம்பிட்டீங்களா? வராதீங்க சார். டேங்க்ல இன்னும் வாடை அடிக்குது."

எதிர்முனையில் அவர் ஏதோ கேட்டார்.

"எனக்குத் தெரியல சார். வீட்ல சொல்றாங்க."

உள்ளே இன்னொரு டப்பா திறந்தது.

"ஆமா சார்," என்றான், தெருவுக்கே கேட்கும்படி. "வீட்லதான் சொல்றாங்க."