மடக்கு நாற்காலி

காட்டுப் பாதை முடியும் இடத்தில் மதிய வெயில் இலைகளுக்குள் புகுந்து சல்லடையாய் விழுகிறது. நூறு கிலோமீட்டர் ஓட்டப்பந்தயத்தில் முக்கால்வாசி தாண்டிவிட்ட மனைவி புதரை விலக்கிக்கொண்டு வெளியே வருகிறாள். முட்டிவரை சேறு, உதட்டோரம் உப்புப் பூத்திருக்கிறது. விடிந்ததிலிருந்து அவளுக்காக மடக்கு நாற்காலியை விரித்து வைத்துக் காவல் காக்கும் எலக்ட்ரீஷியன் கணவன், உரித்த ஆரஞ்சோடு ஓடிப்போய் நீட்டுகிறான். இரண்டு கையாலும் பணிவாக வாங்கிக்கொள்கிறாள். “ரொம்ப நன்றிண்ணே.” கல்யாணமான நாளிலிருந்து ‘டா’ போட்டே கூப்பிடுகிறவள். விளையாடுகிறாள் என்று சிரிக்கிறான். அவள் கண்கள் அவனைத் தாண்டி, வரிசையாக நிற்கும் கார்களைத் துழாவுகின்றன. “எங்க வீட்டுக்காரர் இங்கதான் நிப்பேன்னாரு. கண்ணாடி போட்டிருப்பாரு, லேசா தொப்பை. பார்த்தீங்களா?” சிரிப்பு அவன் முகத்திலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது. கூட ஓடிவந்த தோழி, “மலை ஏறும்போதிலிருந்தே இப்படித்தான் பேசுறா, என்னையே யாருன்னு கேக்குறா” என்று சொல்லிவிட்டு, டாக்டரின் கூடாரத்தை நோக்கி நொண்டிக்கொண்டே ஓடுகிறாள். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்க்கிறான். எதிரில் நிற்பது அவளேதான். “பார்த்தா சொல்லுங்கண்ணே, நான் நல்லாத்தான் இருக்கேன்னு. மனுஷன் சரியான பயந்தாங்கொள்ளி.” அவளுக்கென்று போட்ட நாற்காலியில் அவனே பொத்தென்று விழுகிறான். “ஐயோ, என்னண்ணே, மயக்கமா?” கையிலிருக்கும் ஆரஞ்சிலிருந்து ஒரு சுளையைப் பிரித்து, முன்பின் தெரியாத ஆம்பளைக்குக் கொடுக்கிற கூச்சத்தோடு, விரல் படாமல் நீட்டுகிறாள்.